பானை ஒன்று, பீர் இருபது லிட்டர்

வீட்டில் பீர் வடிக்கும் ‘ஆல் இன் ஒன்’ மின்பானைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: பொத்தானை அமுக்கினால் பீர் வந்துவிடுமா சார்? (ஆக்லாந்து)

வராது. வருவது இனிப்பான மால்ட் சாறு. வோர்ட் என்பார்கள். அதைப் பீராக்குவது ஈஸ்ட். அதற்கு ஒன்றிரண்டு வாரம் கொடுக்க வேண்டும்.

மெஷின் என்பது அடியில் ஹீட்டர் பதித்த உயரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பானை. உள்ளே மால்ட்டை வெந்நீரில் ஊறப்போட, சல்லடை அடி வைத்த ஒரு கூடை, சாற்றைச் சுற்றவிட ஒரு பம்ப், சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கன்ட்ரோலர். மூன்று பாத்திரமும் கேஸ் அடுப்பும் வைத்துச் செய்த வேலையை ஒரே பானையில் முடிக்கலாம். ஜெர்மனியில் தொட்டி செய்யும் ஸ்பைடல் நிறுவனத்தின் பிரௌமைஸ்டர் இதில் முன்னோடி. உங்கள் ஊர் கிரெய்ன்ஃபாதரும் மெல்பர்ன்காரர்களின் புரூஜில்லாவும் பின்னால் வந்து, சாதாரண வீடுகளுக்கும் கட்டுப்படியாகிற விலைக்குக் கொண்டுவந்தன.

கேள்வி: 64 டிகிரி, 68 டிகிரி என்று ஏன் இத்தனை கறார்? நாலு டிகிரியில் என்ன குடிமுழுகிப் போகும்? (மெல்பர்ன்)

பீரின் குணமே மாறிப்போகும். மால்ட்டுக்குள், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிக்குள், இரண்டு என்சைம்கள் முக்கியம். 62 முதல் 65 டிகிரி வரை பீட்டா அமைலேஸுக்கு நல்ல காலம். மாவுச்சத்தை ஈஸ்ட் முழுக்கத் தின்னக்கூடிய சிறு சர்க்கரையாக அது நறுக்கிவிடும். பீரில் இனிப்பு மிஞ்சாது, தொண்டையில் லேசாக இறங்கும். 68-ஐத் தாண்டினால் ஆல்ஃபா அமைலேஸின் கை ஓங்கும். ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை நிறைய தங்கும். அதே மால்ட், கசப்புக்குப் போடும் அதே ஹாப்ஸ் பூ, ஆனால் வாயில் கனமாக நிற்கிற வேறொரு பீர். ஒரு மணி நேரம் கழித்து 76-க்கு ஏற்றினால் என்சைம்கள் அடங்கிவிடும். இந்த ஒரு மணி நேரம் சூட்டை நழுவவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் நீங்கள் மெஷினுக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒன்று கவனியுங்கள். சென்சார் பெரும்பாலும் பானையின் அடியில் இருக்கிறது, மால்ட் மேலே கூடையில் இருக்கிறது. திரையில் 66 என்று தெரியும்போது கூடையின் நடுவில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். நீளக் காம்பு தெர்மாமீட்டர் ஒன்றை மால்ட்டுக்குள்ளேயே குத்திப் பாருங்கள்.

கேள்வி: கொதி வருவதற்குள் பொழுது போய்விடுகிறது. மெஷினில் கோளாறா? (டொரண்டோ)

கோளாறு இல்லை, உங்கள் ஊர் வோல்டேஜ். 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100-க்கு ஏற்றச் சுமார் 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். 230 வோல்ட் நாட்டில் 2000 வாட் பானை இதை ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடிக்கும். 120 வோல்ட்டில் ஓடும் 1600 வாட் பானைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி ஆகும். பக்கவாட்டில் கசியும் சூடு இதில் சேராது. (இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஆலையிலேயே வேலையும் பார்த்தவர்.)

பானையைச் சுற்றி வெப்பத்தடுப்பு ஜாக்கெட் போடுங்கள். கூடையைத் தூக்கியவுடனே ஹீட்டரை முழு வேகத்தில் விடுங்கள். மால்ட்டைக் கழுவி முடிப்பதற்குள் பாதி தூரம் வந்திருப்பீர்கள். கொதி வரும்வரை மூடி இருக்கலாம், வந்தபின் எடுத்துவிடுங்கள். வேகவைத்த சோள வாடை தரும் ஒரு கந்தகச் சேர்மம் ஆவியோடு வெளியே போக வேண்டும்.

இன்னொன்று: ஒல்லி வயர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதைச் சொருகவே சொருகாதீர்கள். மணிக்கணக்கில் இழுக்கிற லோடு இது. தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள பிளக்தான் வேண்டும்.

கேள்வி: பயப்பட வேண்டிய கட்டம் எது? (பிரிஸ்பேன்)

கூடையைத் தூக்குவது. உலர்ந்த மால்ட் 5 கிலோவாகத்தான் உள்ளே போனது. ஊறியபின் கூடையோடு 10 கிலோவைத் தாண்டும். 70 டிகிரிக்கு மேல் சூடான, பிசுபிசுப்பான சாறு ஒழுக ஒழுக மேலே வரும். நேராகத் தூக்கி, பானையின் விளிம்பிலுள்ள வளையத்தில் கால்கள் உட்காரும்படி திருப்பி நிறுத்த வேண்டும். மேஜைமேல் பானையை வைத்தால் கை தலைக்கு மேலே போகும், பிடி நழுவும். முழங்கால் உயரத்துக்குக் கீழே உறுதியான பலகையில் வையுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பிள்ளைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, கொதி ஏறும் நிமிஷம். சாம்பல் படிந்த மாதிரி ஒரு நுரை மெல்லத் திரளும், பிறகு ஒரே மூச்சில் விளிம்புக்கு வந்துவிடும். அந்த நேரம் போனை எடுக்காதீர்கள். வாட்டைக் குறைத்துக் கரண்டியால் கிளறினால் அடங்கிவிடும்.

கேள்வி: அடி பிடித்து, பானை தானாக அணைந்துவிட்டது. (ஆக்லாந்து)

மாவு அதிகம். மால்ட்டை ரொம்பப் பொடியாக அரைத்தால் சல்லடை வழியே மாவு இறங்கி ஹீட்டர் தட்டில் ஒட்டிக் கருகும். உமி முழுசாக நிற்கும்படி உடைத்தால் போதும். ஊறவைக்கும்போது குறைந்த வாட்டில் ஓட்டுங்கள், கொதிக்கு முன் கட்டையால் அடியை வழித்துவிடுங்கள். பானையின் அடிப்பக்கத்தில் ரீசெட் பட்டன் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை அழுத்துங்கள். கருகல் வாடை ஏறிவிட்டதென்றால் அது இறங்காது. மனசைத் தேற்றிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

கேள்வி: கள்ளக்குறிச்சி மாதிரி ஏதாவது ஆகிவிடாதா? அம்மா பயப்படுகிறார். (லண்டன்)

அம்மாவின் பயத்தை மதிக்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். தொழிற்சாலைக்கான ஒரு விஷத்தை மனிதர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். பார்லியை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது வருவது எத்தனால். மெத்தனால் இருந்தாலும் அது தீங்கு செய்யாத துளி அளவு. பீரை யாரும் காய்ச்சி வடித்துச் செறிவாக்குவதும் இல்லை. கொதித்த சாறு, ஹாப்ஸ், புளிப்பு, ஆல்கஹால் எல்லாம் சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் தழைப்பது அரிது. கெட்ட பீர் புளிக்கும், நாறும். அவ்வளவுதான் பெரும்பாலும்.

வீட்டு பீரில் நிஜமான ஆபத்து பாட்டில் வெடிப்பது. நொதித்து முடியுமுன் அடைத்தாலோ, வாயுவுக்காகப் போடும் சர்க்கரை கூடினாலோ கண்ணாடி சிதறும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகு அடையுங்கள். லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போதும், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கேள்வி: அதே கருவியில் விஸ்கி வடிக்கலாமா? (சிட்னி)

கூடாது. ஆஸ்திரேலியாவில் சொந்தத்துக்குப் பீர் வடிக்கத் தடையில்லை, சாராயம் வடிக்க லைசென்ஸ் வேண்டும். பக்கத்து நியூசிலாந்தில் 1996 முதல் அதற்கும் அனுமதி உண்டு. நீங்கள் இருப்பது சிட்னியில்.

கேள்வி: கேழ்வரகு, அரிசி போட்டுச் செய்ய முடியுமா? (கோலாலம்பூர்)

முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் வீட்டில் வடிக்க விடுகிறதா என்று விசாரியுங்கள். விட்டால், அருமையாகச் செய்யலாம். ஆனால் அரிசியை நேரே கூடையில் கொட்டிப் பயனில்லை. அதன் மாவுச்சத்து குழைய, பார்லிக்கு வேண்டியதைவிட அதிகச் சூடு வேண்டும். தனியாகக் கஞ்சியாக்கி, ஆறவிட்டு, மால்ட்டோடு சேருங்கள். என்சைம் கொடுக்க பார்லி மால்ட் பெரும்பங்கு இருக்க வேண்டும். கேழ்வரகு சின்ன மணி, சாற்றை வடிகட்டித் தர அதில் உமி இல்லை. கூடை அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து நெல் உமிதான். ஹோம்புரூ கடைகளில் பாக்கெட் போட்டே விற்கிறார்கள். இரண்டு கைப்பிடி கலந்தால் சாறு தடையில்லாமல் இறங்கும்.

கேள்வி: சிங்கப்பூர் வெக்கையில் சரிப்படுமா? (சிங்கப்பூர்)

வெயில் காலத்தில் இட்லி மாவு பொங்கி வழிந்து புளிப்பேறிப் போகிறதே, சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கும் 30 டிகிரியில் அந்தக் கதிதான். காட்டமான ஆல்கஹால் வாடை வந்துவிடும். நார்வேயின் பண்ணை வீடுகளில் பரம்பரையாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட்டை வாங்குங்கள். 30 முதல் 40 டிகிரி வரை சுத்தமாக வேலை செய்யும், சில நாளில் முடித்தும் கொடுக்கும். உங்கள் சட்டம் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் அனுமதிக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். விற்கக் கூடாது.

கேள்வி: சென்னையில் ஒன்று வாங்கி வைத்தால்? (சென்னை)

வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இருக்கும்வரை வீட்டில் ஒரு லிட்டர் வடித்தாலும் குற்றம். ஆர்வம் அடங்காவிட்டால் பெங்களூரு போய், லைசென்ஸ் பெற்ற மைக்ரோபுரூவரிகளில் வேலையை நேரில் பாருங்கள்.

கேள்வி: இருபது லிட்டர் வீட்டிலேயே இருந்தால் குடி கூடாதா? (டொரண்டோ)

கூடலாம். குடியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. வீட்டில் ஒருவர் குடியோடு போராடிக்கொண்டிருந்தால் இந்தப் பானையை வாங்கவே வாங்காதீர்கள். மற்றவர்கள் 10 லிட்டராக வடியுங்கள், நண்பர்களோடு பகிருங்கள்.

கேள்வி: விலை கூடிய மாடலா, குறைந்த மாடலா? (மெல்பர்ன்)

குறைந்தது. 35 லிட்டர் கொள்ளளவு, பம்ப், நம்பகமான கன்ட்ரோலர் இருந்தால் போதும். ப்ளூடூத்தும் ஆப்பும் பீரை ருசியாக்காது. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜும், அதை ஆன், ஆஃப் செய்ய ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்குங்கள். நொதிக்கும்போது சாறு தானாகவே சில டிகிரி சூடேறும். முதல் மூன்று நாள் அதை 18, 20 டிகிரியில் பிடித்து வைத்தவரின் பீர்தான், எந்தப் பானையில் வடித்திருந்தாலும், நன்றாக இருக்கும். கொதி முடிந்தபின் சாறு தொடுகிற வாளி, குழாய், மூடி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் நனைத்து எடுங்கள். முதல் தடவை சாதாரண பேல் ஏல் போதும். அதைச் செய்துவிட்டு எழுதுங்கள்.