எங்கள் தோட்டத்து முன்னாள் நட்சத்திரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளராக ஒரே தகுதிதான் வேண்டும்: முன்னாள் நட்சத்திரமாக இருந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ், போட்டோ, பத்திரிகைத் துண்டு எதுவும் தேவையில்லை. மடக்க முடியாத முழங்கால் ஒன்று போதும். எங்கள் கோச் மாமாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. ஆகவே அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர்.

மாமா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்து ஈ.பி.எஃப். காசை எடுத்துக்கொண்டு வீட்டோடு இருப்பவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அவருடைய புகழெல்லாம் ஒரே ஒரு கோலில் நிற்கிறது. அடுத்த தோட்டத்துக்கு எதிராக அவர் அடித்த கோல். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது பெனால்டி கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே இருந்து அடித்ததாக இருந்தது. நான் ஓ.எல். பரீட்சை எழுதியபோது நடுக்கோட்டுக்குப் போயிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் தன் பக்கத்து போஸ்டில் சாய்ந்துகொண்டே அடித்திருந்தார். இந்த வேகத்தில் போனால் அடுத்த தேர்தலுக்குள் அந்த கோல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அடிக்கப்பட்டிருக்கும்.

அத்தையிடம் கேட்டால், “இவரு ஆடுனத நான் பாத்ததில்லப்பா. ஆடுனதச் சொல்றதத்தான் கல்யாணமான நாள்லேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பார்.

ஆனால் அந்தக் கதையை முழுப் பொய் என்று தள்ள முடியாது. காரணம் எங்கள் கிரவுண்டு. வெள்ளைக்காரத் துரைமார் றக்பி ஆடுவதற்குத் தரவளையிலும் ரதல்லயிலும் நல்ல சமநிலமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த சரிவில் தேயிலை போட்டார்கள். தேயிலைக்கும் ஆகாத சரிவை எங்களுக்கு விட்டார்கள். மேட்டுப் பக்கத்து போஸ்டில் நின்று பந்தைச் சும்மா தொட்டால் போதும், மற்றதைப் பூமியே பார்த்துக்கொள்ளும். போஸ்டுக்கு வலை கிடையாது. கோலாகும் பந்து நேரே கொழுந்து மலைக்குள் போய்விடும். அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும் என்பது சட்டம். மழை நாளில் அட்டைக்குப் பயந்து கோல் அடிக்க மாட்டேன் என்று நிற்கும் ஃபோர்வர்டுகளை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்தக் கிரவுண்டுக்கு மாமா வகுத்த வியூகம் எளிமையானது. டாஸில் ஜெயித்தால் முதல் பாதியில் மேலேயிருந்து கீழே அடிக்க வேண்டும். இரண்டாம் பாதியில் கீழேயிருந்து மேலே அடிக்கும் நிலை வராது. ஏனென்றால் பின்னேரம் பனி மூட்டம் இறங்கிவிடும். எதிரே நிற்பவன் நம்மாளா அடுத்த தோட்டத்தானா என்று தெரியாது. ஆட்டத்தை நிறுத்துவார்கள். முன்னுக்கு நிற்பவன் கோப்பையை எடுத்துக்கொண்டு போவான். மாமாவின் பயிற்சியில் பாதி நேரம் டாஸ் போடும் பயிற்சிதான்.

ஆடாமல் ஜெயிப்பதில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. 2019 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மக்காவு அணி முதல் ஆட்டத்தில் இலங்கையை 1–0 என்று வென்றது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்புக்கு வரப் பயந்து இரண்டாம் ஆட்டத்துக்கு அவர்கள் வரவில்லை. இலங்கைக்கு 3–0 வெற்றி என்று ஃபிஃபா தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு இலங்கையின் பயிற்றுவிப்பாளர் நிசாம் பக்கீர் அலி. அவர் உண்மையான முன்னாள் நட்சத்திரம். இலங்கை அணியின் தலைவராக இருந்தவர், 1980களில் டாக்காவில் ஆபஹானி கழகத்துக்கு ஆடிப் பேர் வாங்கியவர், பிறகு அந்த ஊர்க் கழகங்களுக்கே பயிற்சி கொடுத்தவர். “பக்கீர் அலியும் நானும் ஒரே காலத்து ஆளுங்க” என்பார் மாமா. அதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் இலங்கையில் ஒன்றரைக் கோடிப் பேர் இருந்தார்கள்.

மாமாவின் பெரிய சிக்கல், எல்லா நட்சத்திரங்களுக்கும் உள்ளதுதான். காலுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. “இப்பிடி அடிடா.” “எப்பிடி மாமா?” “இப்பிடித்தான்டா.” பாடம் அத்தோடு முடிந்தது. மரடோனாவுக்கே இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2010 உலகக் கிண்ணத்தில் மெஸ்ஸியையே கையில் வைத்துக்கொண்டும் காலிறுதியில் ஜெர்மனியிடம் 4–0 வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கைவசம் மாற்றுத் தத்துவம் தயாராக இருந்தது. 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸிடேன் தலையால் முட்டினார், மட்டராஸி நெஞ்சில் வாங்கினார். முட்டியவர் ரியல் மட்ரிட்டுக்குப் பயிற்றுவிப்பாளராகி 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று ஐரோப்பியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். வாங்கியவர் 2014இல் சென்னைக்கே வந்து, அடுத்த வருசம் சென்னையின் எஃப்.சி.யை ஐ.எஸ்.எல். சாம்பியனாக்கினார். “பாத்தியா? கோச்சுக்கு வேண்டியது மூளை இல்லடா. முட்டு.” அன்றிலிருந்து தொழுவத்தில் மாடு தன்னை முட்டியதையும் மாமா தன் அனுபவப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அணியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். நன்றாக ஆடும் பையன்கள் அத்தனை பேரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்கள். வருசம் பூராவும் மாமா பயிற்சி கொடுப்பது ஒரு கூட்டத்துக்கு, தீபாவளிக் கோப்பைக்கு ஆடுவது வேறொரு கூட்டம். இருந்தும் பயிற்சியை, தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக் களம் மாதிரியே நடத்துவார். காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுவார். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர்தான். அதாவது பாதி நேரம் பந்தைத் தொட முடியாது. “முழுப்பேர் போடுங்க மாமா” என்று ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சங்கம் கூட்டிக் கெஞ்சியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முதல் ரோதமுனிக்குத் தேங்காய் உடைப்பார். ஸ்டோரில் அத்தனை மெஷினையும் காக்கிற சாமி பதினொரு பேரைக் காக்காதா என்பது அவர் கணக்கு.

உயரத்தையும் விடமாட்டார். கொழும்பு அணி எதுவும் எங்களோடு ஆட வராததற்குக் காரணம், ஹட்டன் பக்கம் 4,000 அடிக்கு மேலே அவர்களுக்கு மூச்சு வாங்கும் என்பதுதானாம். 2007இல் ஃபிஃபாவே 2,500 மீட்டருக்கு மேலே சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடை போட்டதைச் சாட்சிக்கு இழுப்பார். (அடுத்த வருசம் அது கைவிடப்பட்டதைச் சொல்லமாட்டார்.) நான் கணக்குப் பார்த்தேன். பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர். அந்தத் தடையால் இந்த நாட்டில் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியது மலை உச்சியில் கடைசி 24 மீட்டர் மட்டும்.

2019 தீபாவளிக்குப் ‘பிகில்’ வந்தது. முன்னாள் ஆட்டக்காரன் ரவுடியாகி, பிறகு பெண்கள் அணிக்குப் பயிற்றுவிப்பாளராகும் கதை. விஜய் நடித்த அந்த மைக்கேல் தன்னைப் பார்த்து எழுதப்பட்டவன் என்று மாமா முடிவு செய்துவிட்டார். நடுவில் உள்ள ரவுடி வாழ்க்கை அவரிடம் இல்லையே என்றால், “ஒங்க அத்தையக் கேளு” என்றார். அந்த வருசத் தீபாவளி ஆட்டத்தில் இடைவேளைப் பேச்சு ஆரம்பித்தார். தூறலில் பையன்கள் நனைந்து நிற்க, வீரம், மானம், தோட்டத்துப் பெருமை என்று பேசிக்கொண்டே போனார். பேசி முடிப்பதற்குள் பனி இறங்கிவிட்டது. நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு நின்ற ஆட்டம் அது.

படத்தைப் பார்த்துவிட்டு லயத்துப் பெண்பிள்ளைகளும் வந்து நின்றார்கள். “மாமா, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க.” மாமா தயங்கினார். படம் வருவதற்கு முதலே, அந்த வருசம் மே மாதம், மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்துவிட்டது என்று நான் சொன்னேன். மதுரை என்றதும் இறங்கி வந்தார்.

வந்த பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. தினமும் மலையேறிப் பள்ளிக்கூடம் போகிற கால்கள். கீழேயிருந்து மேலே பந்தைக் கொண்டுபோனார்கள், அப்படி ஒன்று நடக்குமென்று எங்களுக்கே அன்றுதான் தெரியும். அது மட்டுமில்லை, இத்தனை வருசமாக ஒரு பையனும் கேட்காததை அவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார்கள்: “மாமா, அந்த கோல அடிச்சிக் காட்டுங்க.”

மறுக்க முடியவில்லை. மாமா மேட்டுப் போஸ்டடியில் பந்தை வைத்தார். கீழ் போஸ்டில் நிற்க அன்றைக்குக் கோல் வாங்கிய அதே கீப்பரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது எங்கள் தோட்டத்து மருமகன், கோயில் கமிட்டியில் இருப்பவர். அந்த கோலைப் பற்றி யார் கேட்டாலும், “நான் குனிஞ்சி கால்ல அட்டையப் புடுங்கிக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் பாக்கல” என்று சொல்லியே காலம் ஓட்டியவர்.

மாமா உதைத்தார். பந்து கொஞ்ச தூரம் நேராக வந்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்து, மலைக்குள் உருண்டு, காணாமல் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

“அப்ப கிரவுண்டு நேரா இருந்திச்சு. மழையில மண்ணு எறங்கித்தான் இப்பிடி சாஞ்சிருச்சி” என்றார் மாமா.

கீழே நின்ற கீப்பருக்குப் பொறுக்கவில்லை. “அன்னைக்கும் இதே சரிவுதான்யா. பந்து வரும்போது நான் கழுத்து நோக மேல பாத்துக்கிட்டுல்ல நின்னேன்!”

“பாத்துக்கிட்டு நின்னியா?” மாமா விசிலை ஊதினார். “அப்ப நீ கோலப் பாத்திருக்க!”

கீப்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிள்ளைகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“சரி. ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடு, பாத்தேன்னு சொல்றேன். வடையும் இருந்தா, எங்கேர்ந்து அடிச்சங்கிறத நீயே சொல்லு.”