பேக்கப் எடுத்தியா, தம்பி?

கேரள அரசு பஸ் ஒன்றை லாஸ் சாண்டோஸ் நகரத் தெருவில் ஓடவிட, அப்போதெல்லாம் எங்கள் கொழிஞ்சாம்பாறை பிரவுசிங் சென்டரில் ஒரு முழுச் சாயங்காலம் பிடிக்கும். லாஸ் சாண்டோஸ் என்பது ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கேமில் வரும் கற்பனை ஊர். கேம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2005-இல். எங்கள் பக்கம் வந்து சேர, வழக்கம்போல, சில வருடத் தாமதம். அமெரிக்கக் கார்களைத் திருடித் திருடி அலுத்தபின் எங்களுக்கு வந்த முதல் ஆசை, அந்த ஊரில் கேஎஸ்ஆர்டிசி ஃபாஸ்ட் பாசஞ்சர் ஓட்ட வேண்டும் என்பதுதான். எந்த வண்டியை வேண்டுமானாலும் திருடிக்கொள் என்று ஒரு கேம் சொன்னால், லம்போகினி மாதிரியான காரை விட்டுவிட்டு, ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற பஸ்ஸைத் தேடுகிறவன் பாலக்காட்டுக்காரனாகத்தான் இருப்பான்.

பஸ்ஸை யாரோ ஒரு மலையாளிப் பையன் உட்கார்ந்து செய்து நெட்டில் போட்டிருப்பான். இறக்கினால் இரண்டு ஃபைல். ‘டிஎஃப்எஃப்’ என்று முடிவது வண்டியின் உடம்பு; ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவது அதன் பெயிண்டும் போர்டும். இவற்றை ‘ஜிடிஏ3 டாட் ஐஎம்ஜி’ என்ற ஒற்றைப் பெரிய ஃபைலுக்குள் நுழைக்க வேண்டும். அதற்குள்தான் கேமின் வண்டி, மனிதர், மரம், கட்டடம் எல்லாம் இருந்தன. முதலில் அதன் ‘ரீட் ஒன்லி’ டிக்கை எடுக்க வேண்டும். பிறகு ஐஎம்ஜி டூலில் திறந்து, பல ஆயிரம் பெயர்களுக்கு நடுவே பழைய பஸ்ஸைக் கண்டுபிடித்து அழித்து, புதியதைச் சேர்த்து, ‘ரீபில்ட் ஆர்க்கைவ்’ கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுக் கரண்ட் போகக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். யூபிஎஸ் இருந்தது, அது கரண்ட் போய்விட்டது என்று கூவி அறிவிப்பதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும்.

அதோடு விட்டதா? ‘ஹேண்ட்லிங் டாட் சிஎஃப்ஜி’ என்று ஒரு ஃபைல் உண்டு. நோட்பேடில் திறந்தால் வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி: எடை, கியர் எத்தனை, உச்ச வேகம், பிரேக், டீசலா பெட்ரோலா என்பதுவரை. பஸ்ஸின் வரியில் உச்ச வேகத்தைக் கூட்டி எடையைக் குறைத்தால், வண்டி முதல் வளைவிலேயே மேலெழும்பி ஒரு பாலத்தைத் தாண்டிக் கடலில் விழும். எங்களுக்கு அது பெரிய சாதனை.

சென்டர் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரே கேள்விதான் கேட்பார்: “பேக்கப் எடுத்தியா, தம்பி?” எடுத்திருக்க மாட்டோம். ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான அந்த ஃபைலை நகல் எடுக்க ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்காது. இருந்த இடத்தில் யாரோ ‘கில்லி’ படத்தை வைத்திருப்பார்கள். சி டிரைவில் ‘டீப் ஃப்ரீஸ்’ வேறு. அதாவது ரீஸ்டார்ட் செய்தால் கம்ப்யூட்டர் அதைப் போட்ட நாளின் நிலைக்குப் போய்விடும். வைரஸுக்காகப் போட்ட பூட்டு. எங்கள் பஸ்ஸையும் சேர்த்தே துடைத்துவிடும். பூட்டில்லாத டி டிரைவில் கேமைப் போட்டுத் தரச்சொல்லி அண்ணனிடம் கெஞ்சிய கெஞ்சலை வேறு எங்காவது செலவழித்திருந்தால் ஒரு அரசு வேலை கிடைத்திருக்கும்.

அந்த கேமில் பெரிய பஸ்ஸுக்கு இருந்த இடம் இரண்டே: ஒன்று ‘பஸ்’, மற்றது ‘கோச்’. எங்கள் ஊரோ பாதித் தமிழ், பாதி மலையாளம். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம். கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. எந்த மாநில வண்டியை வைப்பது என்று சண்டை வந்தது. கடைசியில் ‘பஸ்’ கேரளத்துக்கு, ‘கோச்’ தமிழ்நாட்டுக்கு என்று பங்கு பிரித்தோம். முல்லைப் பெரியாறு அணைக்காக இரண்டு மாநிலமும் சுப்ரீம் கோர்ட்டில் நின்ற காலம் அது. ஒரே ஐஎம்ஜி ஃபைலுக்குள் இரண்டும் இருந்து, கேம் கிராஷ் ஆகாமல் ஓடியதைப் பார்த்துச் சென்டர் அண்ணனுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

கேமை இப்படி மாற்றும் ஃபைல்களுக்கு ‘மோட்’ என்று பெயர். தானாக இன்ஸ்டால் ஆகும் மோடுகள் அப்போதே இருந்தன. பெரும்பாலும் ரஷ்யத் தளங்களிலிருந்து வரும். எக்ஸ்இ ஃபைலை இரண்டு தட்டு தட்டினால் போதும், எந்த வண்டி இடத்தில் வைக்கலாம் என்று படத்தோடு கேட்கும். கேள்வி ரஷ்ய மொழியில் இருக்கும், அல்லது வெறும் கட்டம் கட்டமாக. நாங்கள் ‘நெக்ஸ்ட்’ மாதிரி தெரிந்ததையெல்லாம் அழுத்துவோம். பஸ் வந்துவிடும். கூடவே பிரவுசரில் மூன்று டூல்பார், யாரும் கேட்காத ஒரு ஹோம் பேஜ், அடுத்தநாள் காலை அண்ணனின் திட்டு. ஆகவே சென்டரில் எக்ஸ்இ ஃபைலுக்குத் தடை. கையால் வைப்பதுதான் ஒழுக்கம் என்று நாங்கள் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வேறு வழி இல்லாததைக் கொள்கை என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் வயதுக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடமும் இதற்கு உடந்தை. கேரள அரசின் ஐடி@ஸ்கூல் திட்டத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ். சென்டரில் எக்ஸ்இக்குத் தடை என்றால் பள்ளியில் எக்ஸ்இ ஓடவே ஓடாது.

உலகம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. 2011-இல் ‘ஸ்கைரிம்’ கேம் வந்தது. அதே ஆண்டு கேம் விற்கும் ஸ்டீம் தளம் ‘வொர்க்‌ஷாப்’ திறந்தது. ‘சப்ஸ்கிரைப்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் மோட் வந்து உட்காரும், மோட் செய்தவன் திருத்தினால் இதுவும் தானே திருந்திக்கொள்ளும். மோடுகளுக்கான நெக்ஸஸ் தளமும் தன் பங்குக்கு மோட் மேனேஜர் கொடுத்தது. எந்த மோட் எந்த ஃபைலை மிதிக்கிறது, எது முதலில் ஏற வேண்டும் என்று அதுவே பட்டியல் போடும். இதையெல்லாம் நாங்கள் சென்டரில் உட்கார்ந்து படித்தோம். படித்துவிட்டு ஐஎம்ஜி டூலைத் திறந்தோம்.

இப்போது மூணாறு. அக்காவைக் கட்டிக்கொடுத்தது அங்கே ஓர் எஸ்டேட்டில். அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். அவன் கையில் போன், போனில் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. சுருக்கமாக ‘பஸ்ஸிட்’. 2017-இல் மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடக் கடைசியில், சாலையோரம் நின்று பஸ் டிரைவரிடம் ஹார்ன் அடிக்கச் சொல்லிக் கெஞ்சும் இந்தோனேசியச் சிறுவர்களின் ‘டெலோலெட்’ வீடியோ உலகம் சுற்றியது. அந்த ஹார்ன் இந்த கேமிலும் உண்டு. ஜாவாவில் ஓட வேண்டிய பஸ்ஸைக் கேரளத்துப் பையன்கள் வளைத்துப்போட்டார்கள். கொம்பன் முதலான டூரிஸ்ட் பஸ்கள், கேஎஸ்ஆர்டிசி, தனியார் பஸ் என்று எல்லாம் இன்று அதில் ஓடுகின்றன. தமிழ்நாட்டு வண்டிகளும் உண்டு. இரண்டு இடத்துக்காக யாரும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் இதிலும் கைவேலைதான். ‘பஸ்ஸிட்வெஹிக்கிள்’ என்று முடியும் ஃபைலை இறக்கி, ஃபைல் மேனேஜரில் பஸ்ஸிட் ஃபோல்டருக்குள்ளே மோட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒட்ட வேண்டும். இப்போது அதற்கும் ஆப். ப்ளே ஸ்டோரில் தேடினால் மோட் ஆப்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தட்டு, விளம்பரம் பார், மறுபடி தட்டு, இன்னொரு விளம்பரம் பார், முடிந்தது.

“எங்கடா போச்சு அந்த ஃபைலு?” என்று கேட்டேன்.

“உள்ள போயிருச்சு மாமா.”

“உள்ளன்னா?”

“கேமுக்குள்ள.” இதைவிட முட்டாள்தனமாக ஒருவர் கேட்க முடியுமா என்பதுபோலப் பார்த்தான்.

ஆப்பில் வராத நல்ல மோடுகள் யூடியூப் வழியாக வரும். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். பாஸ்வேர்டு வீடியோவில் எங்கோ ஓரிடத்தில் நான்கு விநாடி தெரியும். ஓட்டிப் பார்த்தால் தப்பிவிடும், ஆகவே முழுதும் பார்க்க வேண்டும். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நாள்கணக்கில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வரி செக்போஸ்ட் எழுந்துபோனது; அது எங்கே போனது என்று அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு ஆண்ட்ராய்டு 11 வந்து ஒரு வேலை செய்தது. ஒரு ஆப்பின் பெரிய டேட்டா ஃபைல் இருக்கும் ‘ஓபிபி’ ஃபோல்டரை இன்னொரு ஆப் தொடக்கூடாது என்று பூட்டிவிட்டது. ஹார்ன் சத்தம், எதிரே வரும் ஆட்டோ, ஜீப் இவற்றை மாற்றும் மோடுகளெல்லாம் ஓபிபி ஃபைலையே மாற்றுகிற ரகம். தட்டினால் நடக்கவில்லை. பையன் என் லேப்டாப்பையும் கேபிளையும் கொண்டுவரச் சொன்னான். போனைச் சொருகி, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கி, ‘காம் டாட் மாலியோ’ என்று தொடங்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்தோம். பழைய ஃபைலை அழிக்கப் போனவனிடம், என் வாயிலிருந்து கொழிஞ்சாம்பாறை அண்ணனின் குரல் வந்தது. “எதுக்கு மாமா?” என்றான். “போச்சுன்னா மறுபடி இன்ஸ்டால் பண்ணிக்கிறேன்.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு அது ஒரு காலை நேரத்து டேட்டா.

கையால் செய்தவனுக்குத்தான் உள்விவகாரம் தெரியும் என்று என் வயதுக்காரர்கள் பெருமை பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் மோடோடு வந்த ரீட்மீ குறிப்பில் எழுதியிருந்ததை அர்த்தம் தெரியாத மந்திரம் மாதிரி வரிவரியாகச் செய்ததுதான் எங்கள் அறிவு. எதை அழித்து எதை வைக்க வேண்டும் என்று தெரியும். அந்த பஸ்ஸைச் செய்தது எப்படி என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. இவன் கேட்டிருக்கிறான். வைப்பது விநாடியில் முடிந்துவிடுவதால் மிச்ச நேரத்தில் ஸ்கின் வரைகிறான். ‘பிக்ஸல்லேப்’ ஆப்பில் பஸ்ஸின் இரண்டு பக்கமும் தட்டையாக விரித்த படம். அவன் பள்ளிக்குப் போகும் பஸ்ஸின் பின்பக்கக் கீறலைக்கூட விடாமல் போட்டிருந்தான். மூணாறு – உடுமலைப்பேட்டை, வழி: மறையூர், சின்னாறு என்று போர்டு. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.

ஹேண்ட்லிங் ஃபைலின் வேகக் கணக்கை இப்போது சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. 2022 அக்டோபர் 5 இரவு, எங்கள் மாவட்டத்தில் வடக்கஞ்சேரிக்குப் பக்கத்தில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போன டூரிஸ்ட் பஸ் ஒரு கேஎஸ்ஆர்டிசியின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். பஸ் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போயிருந்தது. வேகத்தைக் கட்டிவைக்கும் கருவியில் யாரோ கை வைத்திருந்தார்கள். அங்கே பேக்கப் கிடையாது.

அடுத்த வாரமே கேரளம் டூரிஸ்ட் பஸ்ஸுக்கெல்லாம் வெள்ளை அடிக்கச் சொன்ன உத்தரவைக் கறாராக்கியது. வெள்ளை, நடுவில் ஊதாவும் பொன்னிறமுமாக ஒரு பட்டை. கழுகு, சிங்கம், ரஜினி, மோகன்லால், பளபளக்கும் லைட் எல்லாம் போய்விட்டன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்றில் உள்ளதை மீறி வண்டியை மாற்றக்கூடாது. அந்தப் பிரிவு போனுக்குள் செல்லாது. ஆகவே ரோட்டிலிருந்து இறங்கிய கழுகும் சிங்கமும் பஸ்ஸிட்டுக்குக் குடிபோயின. நிஜ பஸ்ஸில் சட்டத்துக்குப் பயந்து அழித்த படத்தை, பையன்கள் பழைய போட்டோ பார்த்து அச்சாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அக்கா மகன் ஓட்டிக்கொண்டிருந்தது வெள்ளை பஸ். பட்டை, ஆர்டிஓ ஸ்டிக்கர், ஸ்பீடு கவர்னர் சீல் எல்லாம் உண்டு.

“கலர் கலரா இருக்கறப்ப இதை எதுக்குடா?”

“அது பழைய வண்டி மாமா. இதுதான் ஒரிஜினல்.”

மோட்டார் வாகனத் துறை நிறத்தை மாற்றியதும் மோட் செய்கிறவர்கள் ஸ்கின்னையும் மாற்றிவிட்டார்களாம். அரசு உத்தரவை இவ்வளவு சீக்கிரம், லஞ்சமோ அபராதமோ இல்லாமல் நிறைவேற்றியவர்கள் கேரளத்தில் இவர்களாகத்தான் இருக்கும்.

ஹார்ன் விஷயத்தில் மட்டும் அவன் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. 2025 அக்டோபரில் கேரளத்தில் பறிமுதல் செய்த ஏர் ஹார்ன்களைக் கீழே பரப்பி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். நாங்கள் கேபிள் வைத்து ஏற்றிய ஓபிபியில் அவை அத்தனையும் உயிரோடு இருந்தன. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக அடித்துக்கொண்டே போனான். சமையல்கட்டிலிருந்து அக்கா ரெண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்தாள். அப்புறம் வந்து, ரோடு ரோலர் கைவசம் இல்லாததால், சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். போனில் நாலு சதவீதம் இருந்தது. அதற்குள் மறையூர் போய்விடலாம் என்றான்.