ரிட்டயர் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம்

"முதலில் உத்தியோகம், ஆசையெல்லாம் ரிட்டயர் ஆனபின்" என்பது நம் குடும்பச் சட்டத்தின் முதல் பிரிவு. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஐராவதம் மகாதேவன் அதைப் படிக்கவில்லை போலும். பணியில் இருந்தபடியே தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தார், 1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொடரடைவும் வெளியிட்டார். பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் ரங்கராஜன், வாக்குப்பதிவு இயந்திரத்தையும் கவனித்துக்கொண்டு, சுஜாதா என்ற புனைபெயரில் தொடர்கதையும் எழுதித் தள்ளினார்.

"அவர்கள் மேதைகள், நமக்கு ஏது நேரம்?" என்பீர்கள். வாஸ்தவம்தான், அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறும் என்று டீக்கடையில் தினம் ஒரு மணி நேரம் கணிக்க வேண்டியிருக்கிறதே! "கவனம் சிதறி வேலை கெடும்" என்பது அடுத்த வாதம். ஆசைக்கென்று ஒரு வீணையைக்கூடத் தொடாதவர் மேசையிலும் கோப்புகள் தூங்குகின்றன; அவற்றுக்குத் தாலாட்டுப் பாடியது யார்? சரி, ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்கலாம் என்றால், தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. மூட்டுவலிக்கு அப்படி வயது வரம்பு ஏதுமில்லை.