கொங்கு நாட்டில் ஒற்று மிகும்

கோவைப் பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரி. இங்கிலீஷில் பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள், தமிழில் பூ.சா.கோ.அர. கிருஷ்ணம்மாள். ஊர் வாயில் பீளமேடு, ஏட்டில் பூளைமேடு என்பதால் ‘பி’ தமிழுக்கு வந்ததும் ‘பூ’ ஆகிவிட்டது, சரி. ‘ஆர்’ எப்படி ‘அர’ ஆச்சுங்க? அங்கேதான் 13ஆம் நூற்றாண்டு முனிவர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்கக் கூடாது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். நன்னூலில் அதை ரின்யூவல் செய்தவர் பவணந்தி முனிவர். அதனால்தான் ‘ர’வுக்கு முன்னால் ஒரு ‘அ’. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்பது எங்கள் கொங்கு நாட்டார் கட்சி. ஊர்ப் பெருமை பேசும்போது அவர் எங்கள் ஆள். புரூஃப் திருத்தும்போது மட்டும் அவரை யாரென்றே தெரியாது.

ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று அவர் எழுதி வைத்ததில்தான் இன்றுவரை பத்திரிகை ஆபீசில் பாதிப்பேர் தலைமுடி போகிறது. இங்கிலீஷ்காரன் கமாவுக்குப் பயப்படுவான்; நமக்கு ‘க்’ போதும். காந்திபுரத்தில் ‘கீரைக்கடை’ என்று போர்டு வைத்தால் வியாபாரம். ஒற்றை விட்டு ‘கீரை கடை’ என்று வைத்தால், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சமையல் உத்தரவு.

சரி, இவ்வளவு கறாரான கூட்டம் நிறுத்தக்குறியில் எப்படி இருந்திருக்கும் என்கிறீர்கள்? நிறுத்தக்குறியே கிடையாது! கமா இல்லை, கேள்விக்குறி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட இல்லை. அலெக்சாண்டிரியா நூலகத்தில் அரிஸ்டோபனிஸ் என்ற கிரேக்கர், எங்கே மூச்சு விடுவது என்று காட்ட 2,200 வருடத்துக்கு முன்பே மேலே, நடுவே, கீழே என்று புள்ளி வைத்துவிட்டார். நம் புலவர்களோ ஒரே மூச்சில் போய்க்கொண்டே இருந்தார்கள். நுரையீரல் நல்ல நுரையீரல்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் சொல்லித்தான் வைத்தார். குறில் எ, ஒ இரண்டுக்கும் தலையில் புள்ளி என்றும் சொன்னார். ஆனால் எழுத்தாணி எடுத்தவர்கள் அதை ஆப்ஷனலாக எடுத்துக்கொண்டார்கள். அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும் என்பது அவர்கள் பக்க நியாயம். கெடு எது, கேடு எது என்பது படிப்பவர் சாமர்த்தியம். இத்தாலியிலிருந்து பெஸ்கி என்ற பாதிரியார் வந்து, வீரமாமுனிவராகி, நெடிலுக்குத் தனி உருவமும் இரட்டைக் கொம்பும் கொடுத்ததாகச் சொல்வார்கள். நம் வீட்டில் தொலைந்த சாவியை விருந்தாளி வந்து எடுத்துக் கொடுத்த கதை.

கமா கதை இதைவிட ஜோர். தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறிகளை முறையாகக் கொண்டுவந்த பெருமை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு. பழுத்த சைவர். பாதிரிமார் பேரைக் கேட்டாலே கண் சிவக்கிறவர். ஆனால் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கியவரும் அவரேதான்! 1849இல் சொந்தமாக அச்சகம் வைத்தார். பாதிரிமார் புத்தகத்தில் இருந்த கமாவையே எடுத்து, பாதிரிமாரைத் திட்டும் வாக்கியத்துக்கு நடுவில் போட்டார். திட்டுக்கும் மூச்சு வாங்க இடம் வேண்டுமல்லவா?

இவ்வளவு வாங்கியவர்கள் வரிக் கடைசி ஹைஃபனை மட்டும் அவ்வளவாகச் சீந்தவில்லை. கூட்டன்பர்க் பைபிளிலேயே வரி ஓரத்தில் சொல்லை உடைத்தால் இரட்டைக் கோடு உண்டு. நம் பேப்பரில் வரி முடிந்தால் சொல்லும் அங்கேயே உடையும். கோடு கீடு ஒன்றும் கிடையாது. புள்ளி வைத்த எழுத்து மட்டும் அடுத்த வரிக்கு முதலாளியாகக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. அப்புறம் ஒரு நாள் ‘பீளமேட்டில் ஓய்வுபெற்ற பேரா’ என்று ஒரு வரி முடியும். அடுத்த வரி ‘சிரியருக்குப் பாராட்டு விழா’ என்று தொடங்கும். டமாஸ்கஸிலிருந்து அவர் எப்போது பீளமேட்டுக்குக் குடிவந்தார் என்று வாசகர் யோசிப்பதற்குள் பஸ் ஹோப் காலேஜ் தாண்டிவிடும்.

இனிஷியல் பஞ்சாயத்து தனி. ‘ஈ.வெ.ரா’வில் கடைசி எழுத்துக்குப் பின் புள்ளி உண்டா? உண்டென்றால், வாக்கியமும் அங்கேயே முடியும்போது ஒரு புள்ளியா, ரெண்டா? சாமி இல்லை என்று சொன்ன பெரியார் பெயருக்குப் பின்னால் இத்தனை ஆசாரம்!

அவரோ புள்ளியோடு நிற்காமல் எழுத்திலேயே கை வைத்தார். ஈரோட்டு வியாபாரியின் மகனாச்சே, அச்சுக்கு இத்தனை எழுத்து எதற்கு என்று கணக்குப் பார்த்தார். லை, னை முதலியவற்றின் தும்பிக்கையை வெட்டி, 1935இல் குடிஅரசிலேயே அச்சடித்துக் காட்டினார். பண்டிதர்கள் குதித்தார்கள். அரசு 13 எழுத்துகளை மட்டும் ஏற்று ஆணை போட்டது 1978இல். பெரியார் இறந்து ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகியிருந்தது. புரூஃப் திருத்தி வர 43 வருடம். அச்சகத்துக்காரர்கள் யாரும் இந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு பீளமேட்டுக்கே வந்தது, கொடிசியா வளாகத்துக்கு. கரூர்ப் பக்கத்துக் கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி வெகுநாளாகக் கேட்டுவந்தது, உகர ஊகார வரிசைகளுக்குத் தனிக் குறி. மாநாட்டில் அறிவித்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்ப, தமிழறிஞர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பவணந்தி, பெரியார், இவர் என்று எழுத்தோடு மல்லுக்கட்டுவதே கொங்கு நாட்டு வேலையாகிவிட்டது. மாநாடு முடிந்தது, ‘கு’ அதே ‘கு’. யூனிகோடுக்கு மட்டும் அரசு ஆணை வந்தது.

யூனிகோடில் புள்ளிக்குத் தனி எண் உண்டு. ஓலை கிழியும் என்று ஒதுக்கி வைத்த புள்ளிக்குத் தனிப் பட்டா! ஆனால் பாருங்கள், மெய்யை விட்டுப் பிரிந்து தனியாக வந்தால் கம்ப்யூட்டர் அதன் கீழே ஒரு புள்ளிவட்டம் போட்டுக் காட்டும். அந்த வட்டத்தையும் சேர்த்தே ஃப்ளெக்ஸ் அடித்து, கல்யாண வாழ்த்துப் பேனராகக் கட்டிவிடுகிறார்கள். கேட்டால், “அது டிசைனுங்க” என்கிறார்கள்.