சாப்பாட்டுச் சட்டமும் மற்றச் சட்டங்களும்

பலேர்மோ, சிசிலி
ஆவணி மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வாட்ஸப்பிலை "கேக்குதோ, கேக்குதோ" எண்டு கேட்டே அரைவாசி நேரம் போகுது, ஒழுங்காய் ஒரு கடிதம் போடச் சொல்லு எண்டு தம்பியிட்டைச் சொல்லிவிட்டியளாம். தபாற்கந்தோரிலை பென்சன் எடுத்த ஆளின்ரை சொல்லைத் தட்டலாமோ? ஆவணி 15 இலை மாதாவின்ரை பெருநாள். அதைச் சாட்டி இந்த நாடே ஒரு கிழமைக்கு மேலை கடையைப் பூட்டிப்போட்டுக் கடலிலை கிடக்குது. எனக்கும் எழுத நேரம் கிடைச்சிருக்கு.

நீங்கள் என்னைப் பற்றிக் கேட்டது மூண்டு கேள்வி. என்ன சாப்பிடுறாய், என்னத்திலை போய் வாறாய், என்ன வேலை செய்யிறாய். மறுமொழி சொல்ல முதல் ஒரு விசயம் விளங்க வேணும். இத்தாலியிலை ரெண்டு விதச் சட்டம் இருக்கு. ஒண்டு அரசாங்கம் எழுதினது. அதைப் பற்றிக் கதைக்கலாம், சண்டை பிடிக்கலாம், நாளைக்குப் பாப்பம் எண்டும் விடலாம். மற்றது சாப்பாட்டுச் சட்டம். அது ஒரு கடுதாசியிலையும் கிடையாது. ஆனால் அதை மீறினவனுக்கு மன்னிப்பும் கிடையாது.

வேலையிலை தொடங்குறன். எண்பது தாண்டின ஒரு ஆச்சியின்ரை வீட்டிலை தங்கி அவவைப் பாக்கிறன். மருந்து குடுக்கிறது, பின்னேரத்திலை கை பிடிச்சு நடத்துறது, சமைக்கிறது. சமைக்கிறது நான் எண்டு ஒப்பந்தத்திலைதான் இருக்கு. உண்மையிலை சமைக்கிறது கதிரையிலை இருக்கிற ஆச்சி, கை மட்டும் என்ரை.

பாஸ்தா அவிக்க ஒரு கணக்கு இருக்கு. 100 கிராமுக்கு ஒரு லீற்றர் தண்ணி, அந்தத் தண்ணிக்கு 10 கிராம் உப்பு. கண்மட்டம், கைமட்டம் ஒண்டும் எடுபடாது, தராசு வேணும். ஸ்பகெத்தியை முறிக்கக் கூடாது. தட்டிலை வந்த பிறகு கத்தியாலை வெட்டக் கூடாது. மீன் போட்ட பாஸ்தாவுக்கு மேலை சீஸ் தூவக் கூடாது. இந்த மூண்டாவது பிரிவிலைதான் கனபேர் பிடிபடுறது. ஆச்சியின்ரை பேரன் ஒருக்கா தன்ரை சிநேகிதன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தவன். அண்டைக்குச் சூடை மீன் பாஸ்தா. இது பலேர்மோக்காரரின்ரை பேர்போன சாப்பாடு: சூடை மீன், காட்டுப் பெருஞ்சீரக இலை, முந்திரிகை வத்தல், பைன் விதை, குங்குமப்பூ எல்லாம் சேத்துக் கிளறி, மேலை வறுத்த பாண்தூள் தூவுறது. வந்த பெடியன் தட்டைப் பாத்திட்டு, "கொஞ்சம் சீஸ் இருக்குமோ?" எண்டு கேட்டுப்போட்டான். ஆச்சி சத்தம் போடேல்லை. "முடிஞ்சு போச்சு, மகன்" எண்டா. குளிர்ப்பெட்டிக்குள்ளை பெரிய துண்டொண்டு இருக்கிறது எனக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியும். பெடியன் போன பிறகு பேரனைக் கூப்பிட்டு, "அவன்ரை தாய் எந்த ஊர்?" எண்டு விசாரிச்சா. கலியாணம் பேச வந்த இடத்திலை எங்கடை ஆக்கள் விசாரிக்கிற அதே குரல்.

கோப்பிக்கும் சட்டம் இருக்கு. இஞ்சை கோப்பி ரெண்டு மிடறு. மேசையிலை முண்டு குடுத்து நிண்டபடி, கூடவாற தண்ணியைக் குடிச்சு, கோப்பியை வாயிலை ஊத்திப்போட்டுப் போக வேணும். கதிரையிலை இருந்தால் கனக்க இடங்களிலை விலை வேறை. நெல்லியடிச் சந்தியிலை ஒரு பிளேன்ரீயோடை பேப்பரை முதல் பக்கத்திலையிருந்து மரண அறிவித்தல் மட்டும் வாசிக்கிற உங்களுக்கு இந்த நாடு கட்டுப்படியாகாது. பால் நுரைச்ச கப்புச்சினோ காலமையோடை சரி. மத்தியானம் சாப்பிட்ட பிறகு கேட்டால் கடைக்காரர் தருவார். தந்திட்டு, வயித்துக்குள்ளை ஏதும் வருத்தமோ எண்டும் கேப்பார். இப்பிடிச் சமிபாட்டுக்குப் பயப்பிடுற சனம், கோடை வந்தால் காலமைச் சாப்பாட்டுக்குப் பணிசைப் பிளந்து நடுவிலை ஐஸ்கிறீம் வைச்சுச் சாப்பிடும். பள்ளிக்கூடப் பிள்ளையள் இல்லை பெரியப்பா, கழுத்துப்பட்டி கட்டின வங்கி உத்தியோகத்தர்.

பெரியம்மா ஒண்டுக்கும் கவலைப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. விரதத்துக்குப் பனெல்லே இருக்கு. கடலை மாவைத் தண்ணியிலை கரைச்சுக் களியாய்க் கிண்டி, பரப்பி ஆறவிட்டு, துண்டு துண்டாய் வெட்டிப் பொரிச்சு, தேசிக்காய்ப் புளி விட்டுப் பணிசுக்குள்ளை வைச்சுத் தருவினம். பக்கத்திலை அதே பணிசுக்குள்ளை மாட்டின்ரை மண்ணீரலும் சுவாசப்பையும் பொரிச்சு வைச்சு விப்பினம். அந்தப் பக்கம் நான் திரும்பிறேல்லை. பல்லாரோச் சந்தையிலை விக்கிறவையின்ரை சத்தத்தைக் கேட்டால் நெல்லியடிச் சந்தை வாசிகசாலை எண்டுதான் சொல்லுவியள். அங்கை என்ன விக்கினம் தெரியுமோ? நாகதாளிப் பழம். கையுறை போட்டு முள்ளுத் தோலை உரிச்சு, குளிர வைச்சு, காசுக்கு. எங்கடை பக்கத்திலை ஆடும் கிட்டப் போகாத சாமான்.

இனி நான் வடிவாய்ச் சொல்ல வேண்டிய விசயம். ஆச்சியின்ரை தங்கச்சி திராப்பனியிலை இருக்கிறா. இந்தத் தீவின்ரை மேற்கு முனை, அங்காலை கடலைத் தாண்டினால் தூனிசியா. அங்கை ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனன். குசினிக்குள்ளை தங்கச்சிக்காரி ஒரு அகண்ட மண் சட்டியிலை ரவையைப் பரப்பி, உப்புத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, விரலை வளையமாய் ஓட்டுறா. மா திரண்டு குறுணி குறுணியாய் வருது. பிறகு அதை அடியிலை துளை போட்ட சட்டியிலை கொட்டி, கொதிக்கிற பானைக்கு மேலை வைச்சு, ரெண்டுக்கும் நடுவிலை ஆவி போகாமல் குழைச்ச மாவை நீட்டாய் உருட்டி அடைக்கிறா. எனக்கு நிண்ட இடத்திலை புழுகம் தாங்கேல்லை. புட்டு! பெரியப்பா, சத்தியமாய்ப் புட்டு! அவையள் குஸ்குஸ் எண்டு சொல்லுவினம். ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை அவிஞ்ச பிறகு, மீன் அவிச்ச சாறை ஊத்தி, சட்டியைக் கம்பளியாலை மூடி உறங்க விடுவினம். அரபிக்காரர் பழக்கி விட்டதாம். பக்கத்திலை சான் வீத்தோ லோ காப்போ எண்ட ஊரிலை 1998 இலையிருந்து ஒவ்வொரு புரட்டாதியும் இதுக்கெண்டே திருவிழா நடக்குது.

பலேர்மோ திரும்பின கிழமையே நான் கொண்டு வந்த நீத்துப்பெட்டியை எடுத்தன். எங்கடை ஆக்களின்ரை கடையிலை சிவப்பரிசி மா வாங்கி, கொத்தி, தேங்காய்ப்பூப் போட்டு அவிச்சு, மீன் சொதியோடை ஆச்சிக்கு வைச்சன். மிளகாய் போடேல்லை, அவவின்ரை பிள்ளையளுக்கு நான் மறுமொழி சொல்ல ஏலாது. ஆச்சி ஒரு கரண்டி எடுத்தா, மெண்டா, யன்னலைப் பாத்தா. தீர்ப்பு வந்தது: "குறுணி கொஞ்சம் பெரிசு. ஆவி சரி. இதை உனக்கு ஆர் பழக்கினது?" பெரியம்மா எண்டன். "அந்த மனுசிக்கு வேலை தெரியும். ஆனால் பானையின்ரை வாய்க்குச் சீலை சுத்துறதை விட்டிட்டு மாவாலை அடைக்கச் சொல்லு" எண்டா. அண்டைக்குப் பிறகு வியாழக்கிழமையிலை எங்கடை வீட்டிலை புட்டு.

வியாழக்கிழமை எண்டதும்தான் ஞாபகம் வருது, கடுதாசியிலை எழுதின சட்டத்தையும் சொல்ல வேணும். வீட்டோடை தங்கி வேலை செய்யிற ஆளுக்குக் கிழமைக்கு ஆகக்கூடினது 54 மணித்தியாலம். ஞாயிறு முழுக்க லீவு, இன்னொரு நாளும் அரை நாள் லீவு, எனக்கு அது வியாழன். வருசத்துக்கு 26 நாள் சம்பளத்தோடை விடுமுறை. மார்கழியிலை பதின்மூண்டாவது மாதச் சம்பளம். இதைப் போன வருசம் சொன்னாப்போலை, அந்த ஊரிலை வருசத்துக்குப் பதின்மூண்டு மாதமோ எண்டு பெரியம்மா பயந்தவவாம். மாதம் பன்னிரண்டுதான், சம்பளம்தான் பதின்மூண்டு. கடுதாசியிலை எல்லாம் வடிவாய் இருக்கு. ஆனால் ஞாயிறு லீவிலை நான் வெளிக்கிடேக்கை ஆச்சி கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "மத்தியானம் எங்கை சாப்பிடப் போறாய்?" அதுக்குச் சரியான மறுமொழி இல்லாமல் வாசலைத் தாண்ட ஏலாது.

எங்கடை சனம் இஞ்சை வரத் தொடங்கினது எண்பதுகளிலை. 1990 இலை வந்த மார்த்தெல்லி சட்டத்தோடை கனபேருக்கு விசா கிடைச்சது. இப்ப அதைப் புதுப்பிக்கிறதுக்கு விண்ணப்பம் எங்கை குடுக்கிறது தெரியுமோ? தபாற்கந்தோரிலை! உங்கடை உத்தியோகத்துக்கு இஞ்சை இருக்கிற மரியாதையைப் பாருங்கோ. அதிலை ஒட்டுற 16 யூரோ முத்திரையை மட்டும் தபாற்கந்தோரிலை கேட்கப்படாது. அது சுருட்டு, சிகரெட் விக்கிற கடையிலை. பஸ் ரிக்கற்றும் அந்தக் கடையிலைதான். முந்தி இத்தாலியிலை கனக்க இடங்களிலை உப்பும் அங்கைதானாம். அரசாங்கத்தின்ரை தனியுரிமைச் சாமான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழை. விண்ணப்பம் குடுத்தால் ஒரு ரசீது தருவினம். பிறகு பொலிஸ் கந்தோரிலை கைரேகை. பிறகு காத்திருக்கிறது. அது வருமட்டும் ரசீதைக் காட்டிக்கொண்டு திரியலாம். சிலபேரின்ரை ரசீது நாள்பட்டு, மடிப்பிலை கிழிஞ்சு, ஒட்டுப்போட்டு, புதுசு வரேக்கை அதுவும் முடியிற நாளுக்குக் கிட்ட நிக்கும்.

பிரயாணம். உங்களுக்கு விருப்பமான விசயம். ரோமாபுரியிலையிருந்து சிசிலிக்குக் கோச்சி வரும். இடையிலை கடல். வில்லா சான் ஜோவான்னி எண்ட இடத்திலை பெட்டியளைக் கழட்டி, கப்பலுக்குள்ளை போட்ட தண்டவாளத்திலை ஒவ்வொரு தொகுதியாய்த் தள்ளி ஏத்துவினம். நாங்கள் உள்ளை இருந்தபடி. அப்பப்பா சிதம்பரம் போன கதையைச் சொல்லுவியளே, தலைமன்னாரிலை கோச்சியாலை இறங்கி, மூட்டை முடிச்சோடை கப்பல் ஏறி, தனுஷ்கோடியிலை அடுத்த கோச்சி பிடிச்சது எண்டு. 1914 இலை தொடங்கின அந்தப் போட் மெயிலிலை ஆக்கள்தான் கப்பல் ஏறினவை. இஞ்சை கோச்சியே ஏறுது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனதோடை அந்தத் தனுஷ்கோடிப் பாதை முடிஞ்சுது, இஞ்சை கோச்சிக் கப்பல் இப்பவும் ஓடுது. ஒடுங்கின இடத்திலை மூண்டு கிலோமீற்றர் சொச்சக் கடல். கடக்கிறது அரை மணித்தியாலம் மட்டிலை. கழட்டிப் பூட்டுறதுக்குத்தான் நேரம். அந்த நேரத்துக்குச் சனம் மேல்தட்டுக்கு ஓடும். இயற்கையைப் பாக்க எண்டு நான் நினைச்சன். இல்லை, அரஞ்சினா வாங்க. சோத்தை உருட்டி, நடுவிலை இறைச்சிக் கறி வைச்சு, பாண்தூளிலை பிரட்டிப் பொரிச்ச உருண்டை. இந்தக் கடலுக்கு மேலை பாலம் கட்டுறதுக்கு 2025 ஆவணியிலை அரசாங்கம் 1350 கோடி யூரோவுக்கு ஒப்புதல் குடுத்தது; ஐப்பசியிலை கணக்காய்வு நீதிமன்றம் மறுத்துப்போட்டுது. பலேர்மோவிலை ஆளுக்கொரு கருத்து. ஆச்சி பாலத்துக்கு எதிர். கப்பல் இல்லாட்டில் அரஞ்சினாவை எங்கை நிண்டு சாப்பிடுறது எண்டு கேக்கிறா.

கோச்சி பிந்தும். ஆனால் வேலைநிறுத்தம் பிந்தாது. பத்து நாளுக்கு முன்னமே அறிவிக்க வேணும் எண்டு 1990 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. காலமை ஆறிலையிருந்து ஒன்பது, பின்னேரம் ஆறிலையிருந்து ஒன்பது சில கோச்சியள் ஓடியே ஆக வேணும். எங்கடை 750 பஸ் எப்ப வரும் எண்டு நெல்லியடியிலை ஒருத்தருக்கும் தெரியாது; இஞ்சை எப்ப வராது எண்டு எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமையிலைதான் வைப்பினம். சனியும் ஞாயிறும் தொடுத்து வருமெல்லோ. போராட்டம் எண்டாலும் குடும்பமும் இருக்கு.

பெரியம்மாவுக்கு ஒரு செய்தி. கோயில் குளம் இல்லாமல் நான் கெட்டுப்போகேல்லை. ஊருக்குப் பக்கத்திலை பெல்லெகிரீனோ மலை. அதிலை ஒரு குகை, குகைக்குள்ளை சாந்தா ரொசாலியா. 1624 இலை கொள்ளை நோய் வந்து சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை காப்பாத்தினவ எண்டு பலேர்மோவே அவவைத்தான் கும்பிடுது. ஆடி 14 இரவு பெரிய தேர், வாணவேடிக்கை. ஞாயிற்றுக்கிழமையிலை சைவர், வேதக்காரர் எண்டில்லாமல் எங்கடை சனம் அந்த மலைக்கு ஏறும். குகைக் கூரையாலை சொட்டுற தண்ணியைத் தகரப் பீலி வைச்சு ஏந்தியிருக்கினம். நேத்தி தீத்து இறங்கி வாற எங்கடை சனத்தோடை கதைச்சால், விசா வந்த கதை, பிள்ளை பாஸான கதை. அரசாங்கச் சட்டத்துக்கு அவவிட்டைத்தான் மேன்முறையீடு.

கடைசியாய், தம்பி புரட்டாதியிலை வரேக்கை என்ன குடுத்துவிடலாம் எண்டு கேட்டியள். ஐரோப்பாக்காரரின்ரை பட்டியலைச் சொல்லுறன், பெரியம்மாவின்ரை கையிலை குடுங்கோ. இறைச்சி, நெய், பால் சாமான் கூடாது. கறிவேப்பிலை கூடவே கூடாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கூடாது. தேங்காய் கொண்டு வரலாம், வாழைப்பழம் கொண்டு வரலாம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் கொண்டு வரலாம். துரியன் வேண்டாம். கருவாடு 20 கிலோ மட்டும் விடுவினம். அவன்ரை பெட்டியிலை உடுப்புக்கும் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கோ. மிளகாய்த்தூளை நல்லாய் வறுத்து இடிச்சு, மூண்டு பையிலை கட்டி விடுங்கோ. ஆச்சி போன கிழமை என்ரை சொதியை ருசி பாத்திட்டு, இதிலை ஏதோ குறையுது எண்டு கண்டுபிடிச்சிட்டா.

இந்தக் கடிதத்தைப் பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவியள் எண்டு தெரியும். பானையின்ரை வாயை மாவாலை அடைக்கச் சொன்ன இடத்தை மட்டும் விட்டிட்டு வாசியுங்கோ. அந்த வழக்குக்குச் சாட்சி சொல்ல நான் ஊருக்கு வர ஏலாது.

உங்கடை அன்புப் பெறாமகன்