வேனில் மலைப்பக்க ஜன்னல்: உரிமையும் வழக்கும்

கருங்கலிலிருந்து தேரிக்காடு பார்க்கக் கிளம்பும் குடும்ப வேன்களில் ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதை அறிஞர்கள் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

முதலில் பருவம். மேலைநாட்டார் இலை உதிரும்போது ஊர் சுற்றுவார்கள். நம்மூர் ரப்பர் மரம் டிசம்பர் பிறந்துதான் இலையைக் கொட்டும். அதை நம்பி வேன் பேச முடியாது. நாம் பார்க்கவேண்டியது காற்றை. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றியடிக்கும். தேரியில் செம்மணலை அள்ளி வாயில் போடும். ஐப்பசியில் காற்று தணிந்து, மழை மணலை அமுக்கி வைத்திருக்கும். ஜன்னலைத் திறக்கலாம். சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

தோவாளை தாண்டி வடகிழக்கே காவல்கிணறு நோக்கிப் போகையில் மலை இடப்பக்கம். இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் அப்பக்கமே. காலை வெயில் வலப்பக்கம். காட்சியும் நிழலும் ஒரே ஜன்னலில் சேர்ந்துவிட்டால் உறவு என்ன செய்யும்?

முன்சீட் மாமாவுக்கு, இதில் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற இடங்களுக்கு, முதலில் ஏறியவன் என்பது சிறுவர் வாதம். முட்டுவலி என்பது பெரியவர் வாதம். இரண்டையும் ஒரே அடியில் வீழ்த்துவது, "எனக்கு வாந்தி வரும்" என்ற பெரியம்மாவின் அறிவிப்பு. மறுத்தால் விளைவுக்கு மறுத்தவரே பொறுப்பு என்பதால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. திங்கள்சந்தை தாண்டுமுன் அவர் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸை முடித்ததை எதிர்த்தரப்பு சான்றாக வைத்தது, எடுபடவில்லை.

திசையன்விளைப் பக்கம் மலை மறைந்து பனையும் உடைமரமுமாக ஆனதும் எல்லா ஜன்னலும் சமம். குதிரைமொழித் தேரியில் ஜன்னலுக்கே மதிப்பில்லை: இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்த மணல்மேட்டில் சிறுவர் உருள்கிறார்கள், மாமா ஒற்றைச் செருப்பைத் தேடுகிறார், அருஞ்சுனை காத்த அய்யனாரின் சுனையில் எல்லாரும் கால் கழுவுகிறார்கள்.

திரும்பும்போதுதான் ஆய்வின் முக்கிய முடிவு கிடைத்தது. இப்போது மலை வலப்பக்கம். சாயும் வெயில் நேரே முன்கண்ணாடி வழியாக மாமாவின் கண்ணில். காலையில் தோற்ற சிறுவர்கள் இடப்பக்க ஜன்னல்களை ஓடிப் பிடித்து வெற்றி முழக்கமிட்டார்கள். பெரியம்மா நிதானமாக ஏறி வலப்பக்கம் உட்கார்ந்தார்.

கேட்டதற்கு, "எடப்பக்கம் இருந்தா எனக்கு வாந்தி வரும் மக்கா" என்றார்.