எண்ணெயில் குதித்த ஆப்பிள்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் காலையிலேயே ஆப்பிள் ஃப்ரிட்டர் சுடுகிறார்களாமே. விடிந்ததும் எண்ணெய்ப் பலகாரமா?

பொங்கலோடு வடை இல்லையென்றால் முகம் சுளிப்பவர் கேட்கிற கேள்வியா இது?

அவசரத்துக்குச் செய்ய முடியுமா?

ஈஸ்ட் போட்டு, மாவு உப்பும்வரை காத்திருப்பது கடைக்காரர் பாடு. வீட்டில் பேக்கிங் பவுடர் போதும். மைதா, சர்க்கரை, பட்டைப் பொடி, முட்டை, பால், பொடியாக நறுக்கிய ஆப்பிள். அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். யார் மீதோ உள்ள கோபத்தை மட்டும் மாவில் காட்டாதீர்கள். அடித்துக் கலக்கினால் ரப்பர்தான்.

எந்த ஆப்பிள் நல்லது?

கிரானி ஸ்மித். புளிப்பு உண்டு, சீக்கிரம் குழையாது. பெயரில் இருக்கும் பாட்டியும் நிஜம்: மரியா ஆன் ஸ்மித். 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குப் பக்கத்தில், அவர் தோட்டத்தில் முளைத்த ரகம் அது.

மேலே கருகுகிறது, உள்ளே பச்சை மாவு. ஏன்?

உங்களைவிட உங்கள் அடுப்புக்கு அவசரம். எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கட்டும். சின்னக் கரண்டியால் விடுங்கள். நறுக்கிய பழத்தை ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். சாறு இறங்கினால் மாவு இளகிவிடும்.

ஆப்பிள் உடம்புக்கு நல்லது. அப்படியானால் ஃப்ரிட்டரும்...?

டாக்டரிடம் கேட்டுவிடாதீர்கள். அவரும் இரண்டு கேட்பார்.

இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததுதானே?

1390 வாக்கில் தொகுக்கப்பட்ட ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்ற இங்கிலாந்து அரண்மனைச் சமையல் நூலிலேயே ஆப்பிள் ஃப்ரிட்டர் இருக்கிறது. அப்போது கொலம்பஸ் பிறக்கவே அறுபது வருஷம் பாக்கி.